காசுக்காரர் பலகையின் முன்னே



எருசலேம் பயணத்துக்குப் பெயர் கொடுப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி கெத்செமனே தோட்டத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. கலிலேயாக் கடலைப் பற்றியதாகவும் இருப்பதில்லை. "ஐயா, கையில எவ்வளவு பணம் கொண்டு வரணும்? நம்ம ரூபா அங்க செல்லுமா?" என்றுதான் கேட்கிறார்கள். இதை உலகப்பிரகாரமான கேள்வி என்று நான் தள்ளிவிடுவதில்லை. ஆரப்பாளையத்திலிருந்து புறப்படுகிறவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தோடு புறப்படுகிறவர்கள். தமிழக அரசு இப்பயணத்துக்கு 37,000 ரூபாயும், கன்னியாஸ்திரிகளுக்கு 60,000 ரூபாயும் மானியம் வழங்குகிறது. தெரிவு செய்யப்பட்டவர்களுக்கு அது பேருதவி. ஆயினும் மீதித் தொகை வீட்டு அலமாரியிலிருந்தும் அடகுக் கடையிலிருந்தும்தான் வருகிறது. அப்படிச் சேர்ந்த பணம் தேச எல்லையைக் கடக்கும்போது அதற்கு என்ன நேருகிறது என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். போரினால் தள்ளிப்போய்க்கொண்டேயிருந்த நம் அடுத்த பயணத்துக்கு மறுபடியும் பெயர் சேர்ந்துவருகிறபடியால், இவ்வாரத் தியானத்தை இந்தப் பொருளிலேயே வைத்துக்கொள்கிறேன்.

நம் குழுக்கள் பொதுவாக எகிப்து, இஸ்ரேல், ஜோர்டான் ஆகிய மூன்று நாடுகளின் வழியே போகின்றன. பத்து நாளில் மூன்று நாணயங்கள். 2019 பிப்ரவரியில் நாங்கள் சென்றபோது எகிப்திய பவுண்டு ஏறக்குறைய 4 ரூபாய், இஸ்ரேலின் சேக்கல் ஏறக்குறைய 20 ரூபாய், ஜோர்டான் தினார் ஏறக்குறைய 100 ரூபாய். அவற்றின் குணமும் ஒன்றல்ல. ஜோர்டான் தினார் 1995 முதல் அமெரிக்க டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது. ஒரு தினார் எப்போதும் 1.41 டாலர்தான். எகிப்திய பவுண்டோ 2024 மார்ச் 6 அன்று ஒரே நாளில் டாலருக்கு 31 என்பதிலிருந்து 50-ஐ ஒட்டி விழுந்தது. மறுபடியும் வருவோம் என்று மிச்ச நோட்டுகளைப் பெட்டியடியில் வைத்திருந்தவர்களின் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர்கள் தொடாமலே கரைந்துபோயிற்று.

இந்த நாணயங்களை மதுரையில் தேடி அலையவேண்டாம். ரூபாயை இங்கே டாலராக மாற்றுகிறோம்; டாலரை அங்கே அந்தந்த நாட்டுப் பணமாக மாற்றுகிறோம். ஆகவே உங்கள் பணம் இரண்டு முறை கைமாறுகிறது. இரண்டு முறையும் சற்றுத் தேய்கிறது. கவுன்ட்டரில் விற்கும் விலை ஒன்று, வாங்கும் விலை ஒன்று. சந்தையில் டாலர் 71 ரூபாய் என்றால் உங்களுக்கு 72.50-க்குக் கொடுப்பார்கள்; நீங்கள் திருப்பிக் கொடுத்தால் 69.50-க்கு எடுப்பார்கள். இந்த இடைவெளிதான் அவர்களுடைய பிழைப்பு. அதில் குற்றமில்லை. வாடகையும் ஊழியர் சம்பளமும் அதிலிருந்துதான் வரவேண்டும். இடைவெளி எவ்வளவு அகலம் என்பதையே நாம் பார்க்கவேண்டும்.

ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற இடத்தில் மட்டுமே மாற்றுங்கள். பாஸ்போர்ட்டும் பான் கார்டும் பயணச்சீட்டும் கேட்பார்கள். மலிவாகத் தருகிறேன் என்று சந்துக்குள் அழைக்கிறவனிடம் போகவேண்டாம். அது சட்டத்துக்கு விரோதம், கள்ளநோட்டு வந்தால் முறையிட ஒருவருமில்லை. 50,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் ரொக்கமாகச் செலுத்தலாம். அதற்கு மேல் வங்கிக் கணக்கு வழியாகத்தான். ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகக் கையில் கொண்டுபோகலாம். கூடுதல் தொகையைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளவேண்டும். இந்திய ரூபாய் 25,000 வரை கொண்டுசெல்லலாம். திரும்பிவந்து மீதமிருந்தால் 2,000 டாலர் வரை வைத்துக்கொள்ளலாம், மிகுதியை 180 நாளுக்குள் ஒப்படைக்கவேண்டும். அங்கே கடைகளில் அட்டையைத் தேய்க்கும்போது இயந்திரம் "ரூபாயில் கணக்கிடவா, உள்ளூர்ப் பணத்தில் கணக்கிடவா" என்று கேட்டால் உள்ளூர்ப் பணம் என்றே அழுத்துங்கள். ரூபாய் என்ற சொல்லைக் கண்டதும் மனம் அதற்குத்தான் தாவும். விலையோ அதில்தான் கூடும்.

இனி அந்த 2019-ஆம் ஆண்டுப் பயணத்துக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் அறுபதைக் கடந்த ஓர் அம்மா இருந்தார். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு அருகே காலையில் இட்லிக் கடை போடுகிறவர். தம் பணத்தோடுகூடப் பிறர் பணத்தையும் அவர் சுமந்துவந்தார். தெருவிலும் சபையிலுமாகப் பதினேழு பேர் அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒருவருக்குப் பெத்லகேமில் மெழுகுவர்த்தி ஏற்றவேண்டும். ஒருவருக்கு ஒலிவமரச் சிலுவை வேண்டும். ஒரு தாய் தன் மகனுக்கு வேலை கிடைக்கவேண்டுமென்று காணிக்கை வைத்திருந்தாள். ஐம்பது ரூபாய் கொடுத்தவரும் உண்டு, ஆயிரம் கொடுத்தவரும் உண்டு. கூட்டினால் 8,640 ரூபாய். ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயரும் தொகையும் வேண்டுதலும் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. மதுரையில் டாலருக்கு 72 ரூபாய் வீதம் அது 120 டாலராயிற்று. அதைத் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிச் சுருக்குப்பையில் முடிந்து வைத்திருந்தார்.

இஸ்ரேலுக்குள் நுழையும் எல்லைச் சாவடி ஒன்றில் நாணயம் மாற்றும் கவுன்ட்டர் இருந்தது. மேலே கமிஷன் கிடையாது என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. அடுத்து வண்டி நிற்கும் இடத்தில் சேக்கல் இல்லாமல் தண்ணீர்கூட வாங்க முடியாது என்று யாரோ சொல்ல, குழுவில் பாதிப் பேர் அங்கேயே மாற்றிக்கொண்டார்கள். அம்மாவும் பிறருடைய 120 டாலரை நீட்டினார். டாலருக்கு 3.10 வீதம் 372 சேக்கல் வந்தது. மறுநாள் எருசலேமின் பழைய நகரத்தில், யாப்பா வாசலுக்கு அருகே, ஒரு மாற்றுக் கடையின் கண்ணாடியில் 3.60 என்று எழுதியிருந்தது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். இட்லிக் கணக்குப் போட்டுப் பழகிய விரல்கள் சேலைத் தலைப்புக்குள் அசைந்தன. 432 வந்திருக்கவேண்டும். 60 சேக்கல் குறைவு. நம் பணத்தில் ஏறக்குறைய 1,200 ரூபாய்; நூற்றுக்குப் பதினான்கு.

"ஐயா, நம்ம பஸ் ஸ்டாண்டுல கிழிஞ்ச நோட்டு மாத்துறவன் நூறுக்கு எண்பதுதான் தருவான். ஆனா முதல்லயே சொல்லிருவான். வேணும்னா குடு, வேணாம்னா போம்பான். இங்க ஒண்ணும் எடுக்கலன்னு எழுதி வச்சிட்டு எடுத்திருக்கான்" என்றார்.

உடன் வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். சிறிய சிலுவையாக வாங்கிவிட்டால் சரியாய்ப்போகும், யாருக்குத் தெரியப்போகிறது என்றார் ஒருவர். இன்னொருவர் தம் பணத்திலிருந்து அறுபது சேக்கல் தருவதாகவே சொன்னார், நல்ல மனம். அம்மா இரண்டுக்கும் தலையசைக்கவில்லை. அன்று பிற்பகல் தேவாலய மதிலின் தென்மேற்கு மூலையில், ராபின்சன் வளைவு என்று சொல்லப்படும் இடத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தோம். அங்கே இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கல் பாவிய தெருவும் அதன் ஓரத்துக் கடையறைகளும் தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கையில் அவர் என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார்: "இந்த நட்டம் யாரோடது ஐயா? அந்தப் பதினேழு பேரோடதா, என்னோடதா?"

பிரியமானவர்களே, அந்தக் கேள்வி அந்தத் தெருவுக்குப் புதிதன்று. இஸ்ரவேலில் ஒவ்வொரு ஆணும் ஆண்டுதோறும் தேவாலயத்துக்கு அரைச்சேக்கல் செலுத்தவேண்டியிருந்தது. யாத்திராகமம் 30-ஆம் அதிகாரத்தில் அதன் வேர் இருக்கிறது. ஆனால் எந்தக் காசும் அங்கே செல்லாது. தீரு பட்டணத்தில் அச்சடிக்கப்பட்ட வெள்ளிச் சேக்கலே வேண்டும். ஏறக்குறைய 14 கிராம் எடையுள்ள அதன் ஒரு முகத்தில் தீருவின் தெய்வமான மெல்கார்த்தின் தலை, மறுமுகத்தில் கழுகு. விக்கிரகத்தின் உருவம் பொறித்த காசு ஆலயத்துக்குள் அனுமதிக்கப்பட்டதற்குக் காரணம், அதன் வெள்ளி சுத்தமானது என்பதுதான். எனவே கிரேக்கக் காசோடும் ரோமக் காசோடும் தூர தேசங்களிலிருந்து வந்த யாத்திரிகர் எல்லாரும் காசுக்காரரின் பலகைக்கு முன்னே நின்றாகவேண்டும். ஆதார் மாதம் 15-ஆம் நாள் வெளியூர்களிலும் 25-ஆம் நாள் ஆலயத்திலும் இந்தப் பலகைகள் போடப்பட்டதாக யூதர்களின் மிஷ்னா நூல் குறிப்பிடுகிறது. மாற்றுவதற்கு ஒரு சிறு கூடுதல் கட்டணமும் உண்டு. அதற்குக் 'கொல்போன்' என்று பெயர். சுவிசேஷங்களின் கிரேக்க மூலத்தில் காசுக்காரருக்கு வழங்கும் சொல்லும் இந்தச் சொல்லோடு உறவுடையதே. அத்தொழிலுக்குப் பெயரே அந்தக் கழிவிலிருந்துதான் வந்திருக்கிறது.

நம் முன்னோர் நாணயம் மாற்றும்போது கழிக்கும் தொகையை 'வட்டம்' என்றார்கள். காசின் தரம் பார்க்கிறவனுக்கு 'வண்ணக்கன்' என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அத்தொழில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரோமச் செப்புக்காசுகள் நம் வைகை மணலில் கிடைத்திருக்கின்றன. இராயனின் சொரூபம் யாருடையது என்று கேட்டு ஆண்டவர் வாங்கிப் பார்த்த காசு திபேரியு இராயனின் வெள்ளித் தெனாரியமாக இருக்கலாம் என்பது பல அறிஞரின் கருத்து. அதே வகைக் காசுகள் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் புதையல்களில் நிறையக் கிடைத்தன. ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினால் பிற்பகலுக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்கள் அவை. அந்நியப் பணத்தைக் கையில் வாங்கி, எடைபோட்டு, வட்டம் கழித்துக் கொடுத்த பலகைகள் நம் ஊரிலும் இருந்திருக்கவேண்டும்.

ஆண்டவர் அப்பலகைகளைக் கவிழ்த்தது ஏன் என்பதற்கு வேத அறிஞர் பலவிதமாக விடை சொல்லுகிறார்கள். நாணயம் மாற்றுவதே பாவம் என்று நான் அதை வாசிக்கவில்லை. மாற்றாமல் அந்த யாத்திரிகர் எப்படிச் செலுத்தியிருப்பார்கள்? நான் கவனிப்பது, அவர் கவிழ்த்தவற்றில் புறா விற்கிறவர்களின் ஆசனங்களும் இருந்தன என்பதை. ஆட்டுக்குட்டி வாங்க வழியில்லாத ஏழையின் பலி புறா. மரியாளும் யோசேப்பும் செலுத்திய பலியும் அவ்வகையே. வேறெங்கும் போக இயலாதவன், வேறு காசு செல்லாதவன், விலை கேட்கத் துணியாதவன் வந்து நிற்கிற இடம் அது. அப்படிப்பட்டவனுக்கு முன்னே பலகை போட்டிருக்கிறவனிடத்தில் தேவன் கணக்குக் கேட்கிறார். எல்லைச் சாவடியில் நின்றவர்களுக்கும் அப்போது வேறு கவுன்ட்டர் இல்லை.

ஆனால் அம்மாவின் கேள்வி காசுக்காரனைப் பற்றியதல்லவே. அவர் தம்மைப் பற்றிக் கேட்டார். பிறர் பணத்தைச் சுமந்து எல்லை கடக்கிறவளின் கடன் என்ன என்று கேட்டார். அதற்கு நான் பவுலிடம் போகவேண்டியதாயிற்று. மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் கலாத்தியாவிலும் இருந்த சபைகள் எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தன. வங்கியில்லாத காலம், கப்பலிலும் நடையிலுமாகக் கொண்டுபோகவேண்டும். பவுல் அதைத் தனியே தம் மடியில் கட்டிக்கொண்டு போகவில்லை. சபைகளே ஆட்களைத் தெரிந்தெடுக்கட்டும் என்றார். சபைகள் ஏற்படுத்திய ஒரு சகோதரனைத் தீத்துவோடு கூட அனுப்பினார். இந்தப் பெரிய தொகையைக் குறித்து ஒருவரும் தம்மேல் குறைசொல்ல இடமிருக்கக் கூடாது என்பதைத் தயக்கமில்லாமல் கொரிந்தியருக்கு எழுதினார். அப்போஸ்தலர் 20-ஆம் அதிகாரத்தில் அந்தப் பயணத்தின் துணைவர்கள் பட்டியல் இருக்கிறது: பெரோயாவின் சோபத்தர், தெசலோனிக்கேயாவின் அரிஸ்தர்க்கும் செக்குந்தும், தெர்பையின் காயு, தீமோத்தேயு, ஆசியாவின் தீகிக்கும் துரோப்பீமும். ஏழு பேர். ஞாயிறு ஆராதனையில் இப்பெயர்களை வாசிக்கும்போது நாவு தடுக்கி வேகமாகத் தாண்டிவிடுகிறோம். இவர்கள் பணப்பையின் சாட்சிகள் என்றே நான் எண்ணுகிறேன்.

"அம்மா, நட்டத்தை யார் ஏற்பது என்பதை நீங்களும் நானும் இங்கே தீர்க்கவேண்டாம். பணம் அவர்களுடையது. அவர்களிடம் சொல்லுங்கள், அவர்கள் தீர்க்கட்டும்" என்றேன். அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "சொன்னா, நான் எடுத்துக்கிட்டேன்னு நினைச்சா?" என்றார். அந்த அச்சம் நியாயமானதே. தெருவில் நம்பிக்கை ஒருமுறை போனால் அவருடைய இட்லிக் கடைக்கு முன்னே யார் வந்து நிற்பார்கள்? சுருக்குப்பைக்குள் கவுன்ட்டரில் கொடுத்த ரசீது மடித்து இருந்தது. அதைக் கசக்கி எறியாமல் வைத்திருந்தது அவருடைய புத்தி.

இதற்கிடையே அம்மானில் எங்கள் குழுவின் வேறொருவர் கைப்பையைத் தொலைத்தார். நோட்டுகள் அத்தனையும் அதில். பாஸ்போர்ட் வழிகாட்டியிடம் இருந்ததால் பயணம் தப்பிற்று. நல்லவேளை, பயண அட்டை ஒன்றைச் சட்டைப்பையில் தனியாக வைத்திருந்தார். மதுரையிலிருந்த மகன் அட்டை கொடுத்த இடத்துக்குச் சென்று வங்கி வழியாகத் தொகை செலுத்த, அது அட்டையில் ஏறியது. அதுவரை உடன் பயணி ஒருவர் அவருடைய செலவைப் பார்த்துக்கொண்டார், எவ்வளவு ஆனாலும் ஊருக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று. எரிகோ வழியில் சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, மேற்கொண்டு ஆவதைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னானே, அதைத்தான் நினைத்துக்கொண்டேன். ஆகவே நோட்டையும் அட்டையையும் ஒரே பையில் வைக்காதீர்கள். புறப்படுமுன் அட்டையில் பணம் ஏற்றும் அதிகாரத்தை வீட்டில் ஒருவருக்கு எழுதிக்கொடுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். பயணம் போனவர் பெயரில் "அவசரம், உடனே பணம் அனுப்பு" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தால், அவர் குரலைக் கேட்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பவேண்டாம். ஊரில் டீக்கடையில் காட்டுகிற ஜிபே எல்லா நாட்டிலும் கைகொடுக்கும் என்றும் நம்பிப் போகாதீர்கள். சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கிறவர்களுக்கு 2023 பிப்ரவரி 21 முதல் யுபிஐ–பேநவ் இணைப்பு வழியாக நேரே அனுப்பவும் பெறவும் வழி உண்டு. நாம் இந்தப் பயணத்தில் போகும் நாடுகளின் நிலை வேறு.

ஊர் திரும்பிய இரண்டாம் ஞாயிறு, ஆராதனை முடிந்தபின், அம்மா பதினேழு பேரையும் வேப்பமரத்தடியில் உட்காரவைத்தார். நோட்டைத் திறந்தார். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு டாலர், எவ்வளவு சேக்கல், அதில் என்ன வாங்கியது, கவுன்ட்டரில் எவ்வளவு தேய்ந்தது என்று பெயர் பெயராக வாசித்தார். நூறு ரூபாய் கொடுத்தவருக்குப் பதினான்கு ரூபாய் நட்டம். அதைத் தாம் கொடுக்கத் தயார், சில்லறையும் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். பெரும்பாலோர் வேண்டாமென்று கையசைத்தார்கள். ஒருவர் மட்டும், மாற்றுமுன் நான்கு பேரிடம் விசாரித்திருக்கலாமே என்று முகம் சுளித்தார். அம்மா அதற்கு எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. பதினான்கு ரூபாய் வீதம் கணக்கிட்டு அவர் கையில் எண்ணி வைத்தார். அவரும் வாங்கிக்கொண்டார். ஐம்பது ரூபாய் கொடுத்திருந்த ஒரு பாட்டி ரசீதைக் கேட்டு வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பேரனைக் கூப்பிட்டு எண்களை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று. யாரும் சிரிக்கவில்லை. வாசித்து முடிந்ததும் ரசீதைத் திருப்பி மடித்துக் கொடுத்து, "சரியா இருக்கு" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அம்மா பத்து நாளாகக் காத்திருந்தார் என்று அவர் முகம் சொல்லிற்று.

செலவு போக மிஞ்சியது ஓர் இரண்டு சேக்கல் காசு, ஓர் அரைச்சேக்கல் காசு, பத்து அகோரா மூன்று. நாணயங்களை இங்கே எந்தக் கவுன்ட்டரும் எடுக்காது, நோட்டைத்தான் எடுப்பார்கள். பதினேழு பேரும் சேர்ந்து அவற்றைக் காணிக்கைப் பையில் போடத் தீர்மானித்தார்கள். எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று நம் பொருளாளர் இன்றுவரை முடிவு செய்யவில்லை. மேசை இழுப்பறையில், ஒரு மூக்குப்பொடி டப்பாவுக்குள் அவை கிடக்கின்றன.

பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ஆலயத்தின் பின்புற அறையில் கூடுவோம். பாஸ்போர்ட்டும் பான் கார்டும் கொண்டுவாருங்கள். பிறருடைய பணத்தைக் கொண்டுபோகிறவர்கள் ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுவரவேண்டும். எப்படி எழுதுவது என்று காட்டிக்கொடுக்க அந்த அம்மாவே வருகிறேன் என்றிருக்கிறார். மாலைக் கடை இல்லாத நாள் அது.